வருந்துகிறோம் அக்காவின் பத்துப் பதில்கள்

என் ஓரகத்திக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ‘வருந்துகிறோம் அக்கா’. கேலிப் பெயர்தான். அவள் அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான காற்று மெத்தை விற்கும் நிறுவனம் அது. கட்டிலோரம் ஒரு சிறு மோட்டார் ஓடும். மெத்தையின் பாதி உப்பும், பாதி அமுங்கும், பிறகு மாறும். முதுகில் புண் வராமலிருக்க உதவும். அங்கே அவள் பதினெட்டு வருடம் புகார் பிரிவில் இருந்தாள். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். காகித அலமாரிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு நாற்காலி, அவள். வருகிற கடிதத்தை இரண்டு முறை படிப்பாள்: முதல் முறை திட்டுக்காக, இரண்டாம் முறை விஷயத்துக்காக. பதில் எப்போதும் ஒரே வரியில் தொடங்கும்: ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

அவளுக்கு ஐம்பத்தேழு வயதில் புதிய விற்பனை மேலாளர் வந்தார். நாற்பது வயது, நடந்துகொண்டே பேசுகிறவர். புகார்களைத் தொலைபேசி இயந்திரத்திடம் ஒப்படைத்தார். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அது சொல்லும். அழுத்தி அலுத்தவர்கள் வைத்துவிடுவார்கள். புகார் குறைந்துவிட்டது என்று மேலே அறிக்கை போகும். மிச்சம் இருந்தது என் ஓரகத்தி. ஓய்வு பெற அவளுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவளாகவே கிளம்பினால் நல்லது என்று நினைத்தார்கள். அதைச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: “நீங்க இனிமே சேல்ஸ்மா. முன்னபின்ன தெரியாத இடங்களுக்கு மெயில் போட்டு விக்கணும். மாசக் கடைசிக்குள்ள பத்துப் பேர் பதில் போடணும். இல்லேன்னா இதுல ஒரு கையெழுத்து.”

ராஜினாமாக் கடிதம். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. தேதி மட்டும் காலி.

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கொழுந்தனார் என்னிடம் முறையிட்டார்.

“அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. இந்த வயசுல எதுக்கு இவளுக்கு இவ்வளவு ரோஷம்? கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா வீட்ல இருக்கலாம்ல?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “இருந்து? நாள் பூரா உங்க மூஞ்சியைப் பாக்கவா?”

“என் மூஞ்சிக்கு என்னடி குறைச்சல்?”

“அதுக்கு நான் பதில் எழுதினா வருந்துகிறோம்னுதான் ஆரம்பிக்கணும்.”

முப்பது வருடம் நர்ஸாக நோயாளிகளைப் பார்த்தவள் நான். எழுந்து நிற்கிறேன் என்கிறவரைப் படு என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

விற்பனைப் பிரிவில் ஆறு பேர். ஆளுக்கு ஒரு நாளில் நானூறு மெயில். எல்லாம் ஒரே மெயில்: ‘நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். உலகத் தரம் வாய்ந்த எங்கள் நிறுவனம்...’ பதில் வராது. எனக்கும் அப்படி எத்தனையோ வந்திருக்கின்றன. நான் நலமா என்று கேட்கிற முன்பின் தெரியாதவரை நான் நம்புவதில்லை. எதையோ விற்க வந்திருப்பார்.

முதல் நாள் காலை அவள் உட்கார்ந்து முப்பது முதியோர் இல்லங்களுக்கு ஒரு மெயில் தட்டினாள். பதினெட்டு வருடப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே ஓடின: ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மத்தியானத்துக்குள் இரண்டு பதில் வந்தது. ஒன்று: ‘என்ன சிரமம்? உங்களிடம் நாங்கள் எதுவுமே வாங்கியதில்லையே?’ மற்றொன்று: ‘வருந்தினால் ஆயிற்றா? ஆறு மாதமாக மோட்டார் ஓடவில்லை. உடனே ஆளை அனுப்புங்கள்.’ அந்த மெத்தை வேறு ஏதோ கம்பெனியுடையது.

மேலாளர் துள்ளிக்கொண்டு வந்தார். “அக்கா, பிரமாதம்! முப்பதுக்கு ரெண்டு! இதையே நாலாயிரம் பேருக்குத் தட்டி விடுங்க.”

“அது கை தவறி வந்தது சார்.”

“தவறினா என்ன? பதில் வருதுல்ல?”

“தவறி அனுப்பினா தப்பு. தெரிஞ்சே அனுப்பினா பொய். நான் அனுப்ப மாட்டேன்.”

“அப்ப இந்த ரெண்டையும் கணக்குல சேக்க மாட்டேன்.”

“சேக்காதீங்க.”

முப்பது பேருக்கும் ‘எங்கள் மெயில் தவறுதலாக வந்தது’ என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். இந்த முறை வருந்தியது நிஜமாகவே. பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்கினாள்.

அவள் செய்தது இதுதான். ஒரு நாளைக்கு மூன்றே இடம். முதலில் அந்த இடத்துக்குப் போன் போடுவாள். முதலாளி யார் என்று கேட்க மாட்டாள். படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது யார், அவருக்கு மெயில் முகவரி உண்டா என்று கேட்பாள். வரவேற்பில் இருப்பவர்கள் அசந்துபோய்ச் சொல்லிவிடுவார்கள். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கிடைத்த முகவரி, போன் எண்களைக் குறித்துவைத்தது அந்த ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில். நல்ல தடித்த காகிதம் என்றாள்.

அவள் எழுதிய மெயில் ஒன்றை வாங்கிப் படித்தேன்.

‘உங்கள் இரண்டாவது மாடியில் பதினான்கு பேர் படுக்கையில் இருப்பதாக வரவேற்பில் சொன்னார்கள். நாங்கள் காற்று மெத்தை விற்கிறோம். வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: மோட்டார் லேசாக உறுமும், தூக்கம் குறைந்தவர்களுக்குப் பிடிக்காது. கட்டிலின் பக்கக் கம்பியைக் கீழே மடக்கினால் காற்றுக் குழாய் நசுங்கும். மெத்தை போட்டாலும் ஆளைப் புரட்டத்தான் வேண்டும். இவ்வளவும் தெரிந்து வாங்கியவர்கள் எங்களிடம் புகார் செய்ததில்லை. உங்கள் கட்டிலில் பக்கக் கம்பி மேலே தூக்குவதா, கீழே மடக்குவதா?’

அவ்வளவுதான். படம் இல்லை, இணைப்பு இல்லை. கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அந்தச் சொல்லும் வார்டில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். மெத்தை போட்டால் புரட்ட வேண்டாம் என்று சொல்லி விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நம்பிய வார்டுகளில் முதுகுகளையும் பார்த்திருக்கிறேன்.

மேலாளர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “நம்ம குறையை நாமளே எழுதுவோமாக்கா?”

“வாங்கின மறுநாள் அவங்க எழுதப் போறாங்க சார். நான் ஒரு நாள் முந்திக்கிறேன்.”

“அந்த மூணு வரியையும் எடுத்துடுங்க. இது உத்தரவு.”

“எடுத்தா அதுல படிக்க என்ன இருக்கு?”

எடுக்கவில்லை. அவள் பெயரில் போகிற மெயில், பத்து வராவிட்டால் போவதும் அவள்தான் என்று மேலாளர் விட்டுவிட்டார். ஒரு மாதத்துக்குத்தானே என்று நினைத்திருப்பார்.

முதல் வாரம் ஒன்று வந்தது: ‘மேலே.’ ஒரே சொல். அவள் எனக்குப் போன் பண்ணி, “அக்கா, மேலேயாம்!” என்றாள். பேரன் பிறந்த செய்தியைக்கூட இப்படிச் சொன்னதில்லை. பிறகு இரண்டு, பிறகு மூன்று. கடைசி நாள் காலையில் மொத்தம் ஒன்பது.

அன்று மாலை நான்கு மணிக்குப் பத்தாவது வந்தது. ஒரு மருத்துவமனையின் வார்டு பொறுப்பாளர் எழுதியிருந்தார்: ‘உறுமுகிற மோட்டார், நசுங்குகிற குழாய். இதை வேறு வெட்கமில்லாமல் எழுதி அனுப்புகிறீர்களா? எங்களை என்ன என்று நினைத்தீர்கள்?’

மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார். கையில் பேனா வைத்திருந்தார். “திட்டெல்லாம் பதில்ல சேராது. ஒன்பதுதான். கையெழுத்துப் போடுங்க.”

“திட்டினவங்கதான் சார் கடைசி வரி வரைக்கும் படிச்சவங்க.”

“விதி விதிதான்க்கா.”

“மணி இன்னும் ஆறு ஆகலை” என்று சொல்லிப் போனை எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தினாள். ஆறு பேரும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

“யாரு?” வார்டு பொறுப்பாளரின் குரல் கதவை அறைவதுபோல் இருந்தது.

“நீங்க இப்ப திட்டி எழுதினீங்களே, அந்த மெத்தைக்காரி.”

“ஓ, சண்டைக்கா?”

“இல்லம்மா. கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை. கம்பி மேலயா, கீழயா?”

“கீழ. ஏன், எங்க கட்டிலும் உங்களுக்கு ஆகாதா?”

“ஆகும். குழாயைப் பக்கவாட்டுல விடாம, கால்மாட்டுல கொண்டுபோய்க் கட்டணும். கட்டித் தர்றது எங்க வேலை. மத்த கம்பெனிக்காரங்க யாராவது இதைச் சொன்னாங்களா?”

“ரெண்டு கம்பெனி மெத்தை ஸ்டோர் ரூம்ல கிடக்கு. ரெண்டுலயும் குழாய்தான் போச்சு. ஒருத்தனும் வாயத் திறக்கலை.”

“அதான் நான் திறந்தேன்.”

எதிர்முனையில் ஒரு செருமல். சிரிப்பாகவும் இருக்கலாம். “ஏழு மணி வரைக்கும் நான் டியூட்டில இருப்பேன். ஒண்ணு கொண்டாங்க. கட்டிக் காட்டுங்க. நசுங்குச்சுன்னா அதை நீங்களே தூக்கிட்டுப் போகணும்.”

“வர்றேன்.”

போனை வைத்தாள். பக்கத்து மேசைக்காரி தன் திரையிலிருந்த ‘நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்’ வரியை அழித்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் பேனாவை மூடினார். “சரி, பத்து. அடுத்த மாசம் பதினஞ்சு.”

“பதினஞ்சு சரி. குறையை எழுதித்தான் அனுப்புவேன்.”

சொல்லிக்கொண்டே அவள் சுவரோரம் சுருட்டி நிறுத்தியிருந்த மாதிரி மெத்தையைச் சாய்த்து, ஒரு முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மோட்டார் பெட்டி இன்னொரு கையில். லிஃப்ட் பழுது, மூன்று மாடி இறங்க வேண்டும்.

“சார், அந்த முனையைப் பிடிங்க. ஏழு மணிக்கு அந்தம்மா கிளம்பிடுவாங்க.”

அவர் பிடித்தார்.