வளைஞ்ச திரையில ஆனந்தி

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி செபஸ்தியான் அண்ணனோட பிளெக்ஸ் கடை. அங்க டிசைன் போடுறவள் அன்புக்கரசி. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவள் கைதான். அப்பா அம்மா போன பிறகு, தான் கல்யாணம் கட்டாம தங்கச்சி ஆனந்தியை ஆளாக்கினவள்.

போன தீபாவளிக்கு அண்ணன் வளைஞ்ச மானிட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டார். மேசையையே அடைச்சுக்கிட்டு நிக்கும். பழைய பெட்டியில ஒரு வேலையை மூடித்தான் அடுத்ததைத் திறக்கணும். இதுல மூணு வேலையைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சுக்கலாம். அவளுக்குச் சந்தோசம் தாங்கலை. சாவு வேலையை மூடிட்டுத்தான் கல்யாண வேலையைத் தொடணும்னு இந்தத் தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. புதுத் திரை வந்த மிதப்புல அதை மறந்தாள். என்னத்தச் சொல்ல, போங்க.

ஆனந்திக்கு நிலக்கோட்டையில மாப்பிள்ளை அமைஞ்சு, நிச்சயமும் முடிஞ்சது. புள்ளைக்கும் பையனை ரொம்பப் பிடிச்சுப்போய், போனை வச்சுக்கிட்டுத் தனியா சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சாள். கல்யாண பிளெக்ஸ் எப்படி வருதுன்னு பாக்க மாப்பிள்ளையோட அம்மா கடைக்கே வந்துட்டாங்க.

"உக்காருங்கம்மா, இப்ப வச்சுக் காட்டுறேன்" என்று ஆனந்தியோட படத்தை மவுஸ்ல பிடிச்சு இழுத்த அன்புக்கரசி, டீ சொல்லத் திரும்பினாள். விரல் விட்டுருச்சு.

இடது பக்கத்துல காலையிலிருந்து பாதியில கிடந்த கண்ணீர் அஞ்சலி. யாரோ ஒரு பெரியம்மாவுக்குப் போட்டு வச்ச மாலை வட்டத்துக்குள்ள ஆனந்தி சிரிச்சுக்கிட்டிருந்தாள். அம்புட்டுப் பெரிய திரையில, அம்புட்டுப் பெரிசா.

அந்தம்மா சத்தம் போடலை. "செத்த நேரம் வெளிய நிக்கிறேன்" என்று எழுந்தவங்க, அப்படியே பஸ் ஏறிட்டாங்க. மறுநாள் தரகர் வந்து, சம்பந்தம் வேண்டாங்கிறாங்கன்னு சொல்லிட்டுப் போனார்.

அன்புக்கரசி நிலக்கோட்டைக்கு ஓடினாள்.

"கை தவறுனது எனக்குத்தாம்மா. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?"

"எனக்கு இருக்கிறது ஒத்தப் பையன். கண்ணை மூடினா அந்தப் படந்தாம்மா வருது" என்றாங்க அந்தம்மா.

பையன் உள்ளறையிலதான் இருந்தான். எட்டிக்கூடப் பாக்கலை. இவனுக்காகவா அந்தப் புள்ள அப்படிச் சிரிச்சுச்சு?

ஆனந்தி அக்காளை ஒரு சொல் திட்டலை. திட்டியிருந்தா தேவலை. திருப்பூர்ல வேலை தேடிக்கிட்டு, கிளம்புற அன்னைக்குப் பையோட கடைக்கு வந்தாள்.

"என் படமெல்லாம் இதுலதான இருக்கு? அழிச்சிரு அக்கா. நான் பாக்க அழி."

"நான் வேணா இந்த வேலையை விட்டுர்றேன்டி."

"வேலைய விடாத. படத்த அழி."

திறந்தாள். வயசுக்கு வந்தன்னைக்குத் தாவணியில நின்னது, காலேஜுக்குப் போன முதல் நாள், நிச்சயத்தன்னைக்குச் சுங்குடிச் சேலையில எடுத்தது. எல்லாம் அக்காள் எடுத்த படங்க. வளைஞ்ச திரை முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆனந்தி. அன்புக்கரசி ஒவ்வொண்ணா அழிச்சாள். பக்கத்துல நின்னவள் கண்ணெடுக்காமப் பாத்தாள்.

முடிஞ்சதும் பையைத் தோள்ல மாட்டினாள். சின்னதுல பள்ளிக்கூடம் போன நாள்லேருந்து "வாரேன்க்கா" என்று சொல்லாம படியிறங்காத புள்ள.

"போறேன்க்கா" என்றாள்.