நிற்காத ஸ்பின்டில்

நூற்பாலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், திண்டுக்கல்லில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டேன். கணினிக் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் சின்ன சிஎன்சி மில்லிங் மெஷின் வாங்கி, ஆலைகளுக்கு அலுமினிய உதிரி பாகங்கள் செய்து கொடுப்பதாகத் திட்டம். மனைவி ஸ்டெல்லாவுக்கு இதில் விருப்பமில்லை. என் வலது கையில் இரண்டு விரல்கள் போனது மில்லிங் மெஷினில்தான். காயம் ஆறும்வரை எனக்குச் சோறு ஊட்டியவள் அவள்.

"வாங்குறதா இருந்தா நானும் வாரேன். பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவேன்" என்றாள்.

கோயம்புத்தூர் ஷோரூமில், பிளக்கைச் சொருகினால் ஓட்டலாம் என்ற மெஷின் ஒன்றை நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். துண்டைப் பிடித்து நகர்த்தும் டேபிள் பெரிது. சுற்றி வெட்டும் கட்டருக்கு மூடி கிடையாது. விற்பனையாளர் ஓர் அலுமினியத் துண்டை வெட்டிக் காட்டினார். வெர்னியர் அளவுகோலில் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது.

ஸ்டெல்லா சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். "தம்பி, இது எதுக்கு?"

"எமர்ஜென்சி ஸ்டாப்புங்க மேடம். ஏதாச்சும்னா அமுக்கிக்கலாமுங்க."

"ஓடும்போது அமுக்கிக் காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "அதெல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவாங்க ஸ்டெல்லா" என்றேன்.

"இருக்கட்டும். செத்த நேரந்தான."

அமுக்கினார். டேபிள் நின்றது. கட்டர் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கட்டரச் சுத்துற ஸ்பின்டிலுக்குத் தனி சுவிட்சுங்க" என்று பின்பக்கம் கையை நீட்டி அணைத்தார். அந்தக் கை கட்டரைத் தாண்டித்தான் போனது. ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த மெஷின் வேண்டாம் என்று கிளம்பினோம். பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியபோது அவளிடம் சொன்னேன். கால் வழுக்கி விழுந்ததில் விரல் போனதாக நான் வீட்டில் சொன்னது பொய். அன்று ஓட்டியது ஆலைக்குப் புதிதாக வந்த மெஷின். ஸ்டாப் சுவிட்ச் எங்கே என்று யாரிடமும் கேட்காமல் ஓட்டினேன். வேலைத்துண்டு கழன்றபோது, சுவிட்சைத் தேடி கட்டரைத் தாண்டிக் கையை நீட்டினேன்.

"இம்புட்டு வருசமா வழுக்குற செருப்பப் போடாதீங்கன்னு உங்கள வஞ்சுக்கிட்டு இருந்தேனே" என்றாள்.

பிறகு வேறொரு கடையில் சின்ன மெஷின் ஒன்று வாங்கினோம். சுற்றிலும் மூடி, கதவைத் திறந்தாலே ஸ்பின்டில் நின்றுவிடும். டேபிள் பாதி அளவுதான் என்பதால் சில ஆர்டர்களை மறுக்க வேண்டியிருக்கிறது.

எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், டேபிளையும் பவரையும் பிறகு பாருங்கள், முதலில் ஓடவிட்டு நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள் என்கிறேன். அப்படிக் கேட்டால் தொழில் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தில் நான் இரண்டு விரல்களை இழந்தேன். அப்படியும் அன்று ஷோரூமில் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரவில்லை.