நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

மலையடிவாரத்துப் பஞ்சாலையில் தேவமணிக்கு எழுத்தில் கொடுத்த வேலை கிடங்கு குமாஸ்தா. எடுத்தது என்னவோ பந்து ஆடத்தான். 1909ஆம் வருஷம் ஆனி மாதம், பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் மில் ஆட்களுக்கும் நடந்த ஆட்டத்தில் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் ஓடி ஓடி ஆடிய பையனை மில் மேனேஜர் பிரெஸ்காட் துரை பார்த்துவிட்டார். ஆட்டம் முடிந்த கையோடு கூப்பிட்டு, காலையில் கிடங்கு, சாயங்காலம் மைதானம், மாதச் சம்பளம் என்று சொன்னார். தேவமணிக்கு அப்போது பத்தொன்பது வயது.

அவனுடைய அப்பா சாலமோன் மிஷன் பள்ளி வாத்தியார். மகனையும் வாத்தியாராக்க, பயிற்சிப் பள்ளியில் இடம் சொல்லி வைத்திருந்தார். செய்தியைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பந்து உதைக்கதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்கானா? எத்தனை நாளைக்குலே? கால் நல்லாருக்க மட்டும் குடுப்பான். அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு பாத்துக்கிடலாம்ப்பா."

"பாத்துக்கிடுவியோ? சரி, போ."

போய்விட்டான். மில்லுக்குப் பக்கத்து ஸ்டேஷனான அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து ஐந்தாறு வருஷமே ஆகியிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஆற்றையும் வயலையும் பார்த்துக்கொண்டு போனபோது தன்னைப்போல் கெட்டிக்காரன் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்றுதான் அவன் நினைத்தான்.

முதல் நாள் சாயங்காலமே விஷயம் புரிந்துவிட்டது. மில் அணியில் முன்னால் ஆடும் ஐந்து பேரும் துரைமார். நடுவில் ஆடும் மூன்று பேர், பின்னால் இருவர், கோல் காப்பவன், இவர்கள் மட்டும் உள்ளூர் ஆட்கள். முன்வரிசைக்கு நடுவில் பிரெஸ்காட் துரையே நிற்பார். நாற்பதைத் தாண்டிய, கனத்த மனிதர். பந்து காலடிக்கு வந்தால் நன்றாக அடிப்பார். தேடி ஓட மாட்டார்.

அவர் தேவமணியை மைதானத்தின் நடுவில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் நேராகவே சொன்னார்.

"பந்தைப் பிடுங்குவது உன் வேலை. பிடுங்கியதும் எனக்கு அனுப்பு. இந்தக் கோட்டைத் தாண்டி வராதே. முன்னால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

தேவமணி தலையாட்டினான். வந்த புதிதில் இப்படித்தான் சொல்வார்கள், ஆட்டத்தைப் பார்த்தால் மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தான். இரண்டு வருஷம் ஒன்றும் மாறவில்லை. அவன் பிடுங்கினான், அனுப்பினான், கோட்டருகே நின்று வேடிக்கை பார்த்தான். வேலியோரம் நிற்கும் தொழிலாளிகள் "துரை கோலு, துரை கோலு" என்று கத்துவார்கள். மறுநாள் ஆபீஸ் வாசலில் ஒட்டும் தாளில் கோல் போட்டவர்கள் பெயர் மட்டும் இருக்கும்.

வலது பின்பக்கம் ஆடிய அசன் மைதீன் மேலப்பாளையத்துக்காரன், மில்லில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். அவன் இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்வதில்லை.

"என்னத்துக்குவே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு? பந்தை எடுத்தமா, குடுத்தமான்னு இரும். ஊருல எவனுக்குவே இந்த வேலை கிடைக்கி?"

"வேலை கிடைக்கு. ஆட்டம் கிடைக்கலையே" என்றான் தேவமணி.

1911இல் ஒரு கோப்பைக்கான கடைசி ஆட்டம் பாளையங்கோட்டையில் நடந்தது. எதிரே தூத்துக்குடி அணி. கூட்டத்தில் சாலமோன் வாத்தியாரும் குடையோடு வந்து நின்றார். இரண்டு அணியும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தன. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பந்து தேவமணியிடம் வந்தது. பிரெஸ்காட் துரை கையைத் தூக்கிக் கேட்டார். அவரை ஒட்டி இரண்டு பேர் நின்றார்கள். இடது பக்கம் வெறும் புல்தான் கிடந்தது.

தேவமணி கோட்டைத் தாண்டினான். ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவன் சறுக்கி விழுந்தான், மூன்றாவது ஆள் வருவதற்குள் அடித்துவிட்டான். கோல்.

அன்று கூட்டம் அவனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. அப்பா கூட்டத்துக்கு வெளியே நின்று குடையை ஆட்டினார். பிரெஸ்காட் துரை கோப்பையை வாங்கினார், எல்லாரோடும் கைகுலுக்கினார், அவனோடும் குலுக்கினார்.

அடுத்த ஆட்டத்துக்கான தாளில் தேவமணியின் பெயர் இல்லை. ஆபீசுக்குள் போய்க் கேட்டான்.

"நான் கேட்டது சொன்ன இடத்தில் நிற்கிற ஆள்" என்றார் துரை. "கோவில்பட்டியில் நம்முடைய பருத்தி அரவை ஆலை இருக்கிறது. அங்கே ஒரு அணி இருக்கிறது. ஒரு வருஷம் அவர்களுக்கு ஆடிவிட்டு வா."

கோவில்பட்டி அணிக்கு இல்லாதது கோல் காக்க ஒரு ஆள். வேறு இடம் காலியாக இல்லை. கரிசல் மண்ணில், தலைக்குமேல் கொளுத்தும் வெயிலில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே அவனை நிறுத்தினார்கள். காலால் ஆடப் பிறந்தவன் கையை விரித்துக்கொண்டு நின்றான். நடுவில் எவனாவது பந்தைத் தப்பாகக் கொடுக்கும்போது பல்லைக் கடிப்பான். மேனேஜருக்கு மூன்று கடிதம் எழுதினான். மூன்றுக்கும் 'யோசிக்கிறோம்' என்றே பதில் வந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் ஆயிற்று.

1913இல் திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவன் இடத்தில் இன்னொருவன் வந்திருந்தான். தேவமணி மாற்று ஆளாக, வேலியோரம் துரைமார் கழற்றிப் போட்ட கோட்டுகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த இன்னொருவனுக்குக் கணுக்கால் பிசகி, தேவமணிக்கு இடம் கிடைத்தபோது 1914 ஆனி பிறந்துவிட்டது. மூன்றே ஆட்டம் ஆடினான். ஆடியில் சீமையில் சண்டை மூண்டது. பிரெஸ்காட் துரையும் இன்னும் மூன்று பேரும் பட்டாளத்தில் சேரக் கப்பலேறினார்கள். புதிதாக வந்த கிழட்டு மேனேஜருக்குப் பந்தாட்டம் பிடிக்காது. மைதானத்தில் ஓலைக்கொட்டகை போட்டுப் பஞ்சுப் பொதிகளை அடுக்கச் சொன்னார்.

"இனிமே பகல் முழுசும் கிடங்குதான். நல்லதாப் போச்சு, முட்டாவது தேயாம இருக்கும்" என்றான் அசன் மைதீன்.

"உமக்கு நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான் தேவமணி.

ஆறு மாதம் பொதிகளை எடை போட்டான். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தான். "இப்பமாவது வாத்தியார் படிப்புக்குப் போயேம்லே" என்றார் அப்பா. அவன் போனது ஆயுதப்படைப் போலீஸ் மைதானத்துக்கு. அங்கே அணியைக் கவனித்துக்கொண்டிருந்த ஏட்டு சிவசைலம் பிள்ளைக்கு அந்தக் கோப்பை ஆட்டம் ஞாபகம் இருந்தது. "நீதான அந்த கோலு போட்டவன்?" என்று கேட்டார். அடுத்த மாதமே கான்ஸ்டபிளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் ஆட்டத்தன்று ஏட்டு சொன்னார்: "நீ நடுவுல ஆடு. எங்கன எடம் இருக்கோ அங்கன போ. யாரையும் கேக்காண்டாம்."

ஆறு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தான். முதல் பந்து வந்தது. எதிரே ஆளில்லை. ஓடினான். நடுக்கோடு வந்ததும் கால் தானாக நின்றது. பந்தை அவசரமாகப் பக்கத்தில் தள்ளிவிட்டான். அடுத்த பந்துக்கும் அப்படியே. நான்கு தடவை.

"ஏலே, என்ன நின்னுட்டே? முன்னால ஒருத்தனும் இல்லையே!"

"போவேன் ஏட்டையா" என்றான். போகவில்லை.

மறுநாள் விடிந்ததும், அணிவகுப்புக்கு முன்னால், ஆளில்லாத மைதானத்தில் பந்தை உருட்டிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினான். தினமும் ஓடினான். பத்தொன்பது வயதில் தெரிந்திருந்ததை இருபத்தைந்து வயதில் மறுபடி கற்க வேண்டியிருக்கிறதே என்று ஓடும்போதே கண் கலங்கும். யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. பிரெஸ்காட் துரை பிரான்சில் எங்கோ செத்துப்போனதாக அசன் மைதீன் எழுதியிருந்தான்.

ஆறாவது ஆட்டத்தில் தாண்டினான். இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு போய், பலத்தையெல்லாம் கூட்டி அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, வேப்பமரங்களைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. கூட்டம் சிரித்தது.

"பரவால்ல, அடுத்தவாட்டி தாழ அடி!" என்று கத்தினார் ஏட்டு.

தேவமணி யாரையும் பார்க்காமல், பந்தை எடுக்க ரோட்டுக்கு ஓடினான்.