பிரின்சிபால் அறைக்குப் பக்கத்தில் ஒரு லைப்ரரி

லைப்ரரியனாகச் சேர்ந்த முதல் நாளே, மலையாளியான பள்ளி மேனேஜர் என்னை முன்வாசலுக்குக் கூட்டிப்போய் ஓர் அறையைக் காட்டினார். கண்ணாடிக் கதவு, பூட்டிய கண்ணாடி அலமாரிகள், ஏசி. நகைக்கடை தோற்றுப்போகும்.

"டீச்சரே, கழக்கூட்டத்துலேந்து ஐடி பேரண்ட்ஸ் அட்மிஷனுக்கு வரும்போ, முதல்ல லைப்ரரியத்தான் காணணும், கேட்டோ!"

பக்கத்து அறை பிரின்சிபாலுடையது. லேட்டாக வந்தவர்களும் ஹோம்வொர்க் செய்யாதவர்களும் தண்டனைக்கு நிற்பது அந்த வராந்தாவில்தான். லைப்ரரிக்கு வேறு வழி கிடையாது. இடம் தேர்ந்தெடுத்த மேதாவிகளில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"சார், குழந்தைகள் இந்தப் பக்கம் வரமாட்டா" என்றேன்.

"ஏசி உண்டே, வரும்."

வரவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன்.

"அய்யோ டீச்சர், அந்த வராந்தால கண்டா எனக்குப் பணிஷ்மெண்ட்னு கிளாஸ் முழுக்கச் சொல்லிடுவா!"

வருடக் கடைசியில் இஷ்யூ ரெஜிஸ்டரில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்த பிள்ளைகளுக்கு மொபைல் போதும் டீச்சரே. லைப்ரரிய அடச்சிடலாம்" என்றார். இடத்தைக் கெடுத்தவர் இவர், பழி பிள்ளைகள் மேல்.

மூன்று மாத அவகாசம் கேட்டேன். பின்பக்கம் தண்ணீர்க் குழாய்களுக்கு அருகே, காற்றுப் போன பந்துகள் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் ரூமையும் கேட்டேன்.

"அந்த மூலையா? யாரு காணும்?" என்று சிரித்தபடியே கொடுத்தார்.

மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறும் என்பதால் அலமாரிகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். பூட்டு கிடையாது. சாப்பிட்டுக் கை கழுவ வந்த பிள்ளைகள் சும்மா எட்டிப் பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்தார்கள். புத்தகங்களில் ஈரக்கை அடையாளம் படிந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. மூன்று மாதம் முடிவதற்குள் ரெஜிஸ்டர் தீர்ந்து, புதிது வாங்கினோம்.

விஷயம் பேரண்ட்ஸ் காதுக்கும் போயிற்று. மேனேஜர் பூரித்துக்கொண்டு வந்தார்.

"சூப்பர் டீச்சரே! லைப்ரரி இங்கயே இருக்கட்டும். பிரின்சிபால் ரூமையும் பக்கத்துல மாத்தறேன். விசிட்டர்ஸ் ரெண்டையும் ஒண்ணா காணலாமே!"

நேரில் சொன்னேன், எழுதிக் கொடுத்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மாற்றியே விட்டார். முதல் வாரமே லைப்ரரி வாசலில் நான்கு பேர் தண்டனைக்கு நின்றார்கள். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் குடித்த கையோடு திரும்பிப் போனார்கள்.

பள்ளியில் லைப்ரரிக்கு இடம் பார்க்கப் போகும் இளைஞர்களே, வெளிச்சம், ஈரம், கரையான் எல்லாம் பார்ப்பீர்கள். நல்லது. அதற்கு முன்னால், பிற்பாடு பக்கத்தில் யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.