துவாரகாவில் ஐந்து நாள்: கேட்டில் நின்ற ரெஹானா

இந்த முறை தில்லிக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, பேச. கரோல்பாக் பக்கம் தமிழர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டம் ஒன்று இருக்கிறது. என்னுடைய ஹங்கேரி, அமெரிக்கா, பிரேசில் பயணப் பதிவுகளைப் படித்துவிட்டு, ‘உலகெங்கும் வலதுசாரி ஜனரஞ்சக அரசியல்’ என்று தலைப்பும் கொடுத்து அழைத்தார்கள். தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஆனாலும் நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டார்களே என்ற பெருமையில், பிப்ரவரி நடுவில் கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து வியாழன் காலை 6:15 விமானம். இரண்டே முக்கால் மணி நேரம், போகவர 11,400 ரூபாய். தங்கியது துவாரகாவில், அக்கா வீட்டில். விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸிக்கு 310 ரூபாய், அரை மணி. அந்த மாதத்தில் காலையில் ஸ்வெட்டர் வேண்டும், மதியம் அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அத்தான் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் தில்லியில் இருந்தும் பேச்சு இன்னும் திருநெல்வேலிதான், நடுநடுவே ஒரு ‘அச்சா’ விழும், அவ்வளவே.

அந்த வீட்டில் பதினோரு வருடமாகச் சமைப்பவர் ரெஹானா. மேற்கு வங்கத்தில் கூச்பிஹார் பக்கத்துக்காரர். அவர் வைக்கும் சொதியை எங்கள் ஊர் மறுவீட்டுப் பந்தியில் பரிமாறினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனபோது ஆறு வாரம் அக்காவைக் குளிப்பாட்டி, தலைதுவட்டி விட்டவரும் அவரே. வியாழன் மதியம் எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டுவிட்டு, அண்ணன் என்ற பொருளில் ‘பையா ஒல்லியாகிவிட்டார்’ என்று அக்காவிடம் புகார் செய்தார். என் தொப்பையைப் பார்த்தவர்கள் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சாணக்யபுரி போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினேன். ஹாலில் அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெஹானா சமையலறை வாசலில் நின்றிருந்தார். விஷயம் இதுதான். அந்த அடுக்குமாடி வளாகத்தின் வாட்ஸப் குழுவில் இரண்டு நாள் முன்பு ஹிந்தியில் ஒரு செய்தி வந்திருக்கிறது. வங்காள மொழி பேசும் வேலைக்காரர்கள் எல்லையைத் தாண்டி வந்தவர்களாக இருக்கக்கூடும், நம் பாதுகாப்புக்காக ஞாயிறு முதல் அவர்களுடைய கேட் பாஸ் ரத்து, சம்மதிப்பவர்கள் கட்டைவிரல் போடவும். அக்கா போட்டுவிட்டாள்.

தில்லியில் எங்கள் ஆட்கள் பலருக்கு இது உண்டு. ஹிந்தி வாயில் கொட்டும், எழுத்தைக் கண்டால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்க வேண்டும். அதனால் தண்ணீர் லாரியோ, லிஃப்ட் ரிப்பேரோ, ஹோலி வசூலோ, எது வந்தாலும் படிக்காமல் ஒரு கட்டைவிரல். காவலாளி சொல்லித்தான் ரெஹானாவுக்கே தெரிந்திருக்கிறது. “நீங்களுமா, தீதி?” என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகுதான் அக்கா எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள்.

வழி இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் யாராவது ‘இவர் எங்கள் ஆள், எங்களுக்குத் தெரியும்’ என்று கேட்டில் சொன்னால் போதும். பதிவேட்டில் அந்த வீட்டு எண்ணோடு எழுதிக்கொண்டு உள்ளே விடுவார்கள். ரெஹானாவிடம் ஆதாரும் வாக்காளர் அட்டையும் இருக்கின்றன; அவற்றை யாரும் கேட்கவில்லை. அவர் போனதும் அக்கா அத்தானைக் கீழே போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். அத்தான் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, எண்பத்தஞ்சுல நான் வந்தப்போ வீடு கேட்டுப் போனா, மதராசின்னு கதவைச் சாத்துவான். இப்போ அசோசியேஷன் மீட்டிங்ல ‘நம்ம ஆளுங்க’ன்னு நம்மளையும் சேத்துச் சொல்லுதான். நாப்பது வருசம் ஆயிருக்குவே அதுக்கு. அதைப் போய்க் கெடுத்துக்கிடச் சொல்லுதீரா?”

அத்தான் கெட்டவர் இல்லை. பதில் என்னிடம் இருந்தது, ஆனால் மறுநாள் மேடைக்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை துவாரகாவிலிருந்து கரோல்பாக்குக்கு மெட்ரோவில் முக்கால் மணி நேரம். கூட்டம் பதினொரு மணிக்கு. நாற்பது நாற்காலி, பத்தொன்பது பேர். ஹங்கேரியில் என் கார் டிரைவர், வந்தேறிகள் நாட்டை விழுங்கிவிடுவார்கள் என்று சொன்னதைச் சொன்னேன்; அவர் ஊரில் இரண்டு நாளில் நான் பார்த்த ஒரே வெளியாள் நான்தான். ஒஹையோவில் என் மகளின் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையை மூடியவன் மேல் கோபமில்லை, மூடியபின் பிழைக்க வந்தவன் மேல்தான். பிரேசிலில் ஒரு கடைக்காரருக்கு நீதிபதி, வாத்தியார், பத்திரிகைக்காரர் எல்லாருமே எதிரி. ஒரே ஒரு தலைவர்தான் தன் பக்கம். நாட்டுக்கு நாடு வெளியாள் மாறுகிறான், பேச்சு மட்டும் மாறவில்லை என்றேன். நாம்தான் உண்மையான மக்கள், நம்முடையதைப் பிடுங்கிவிட்டார்கள், நமக்காகப் பேச ஒருவர் போதும். இதற்குப் பெரிய வெறுப்பெல்லாம் தேவையில்லை, உள்ளே சேர்த்துக்கொண்டார்களே என்ற நிம்மதி போதும் என்று முடித்தேன். கடைசி வரி அத்தானிடமிருந்து எடுத்தது. முன்வரிசையில் அவரும் கைதட்டினார். வரும் வழியில், நன்றாகப் பேசினேன் என்று சொல்லிவிட்டு, பிரேசிலில் வெயில் எப்படி என்று விசாரித்தார்.

ஞாயிறு காலை 7:20. அத்தான் வாக்கிங் போயிருந்தார், அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். இண்டர்காம் அடித்தது. கீழே காவலாளி. ரெஹானா வந்து நிற்கிறார், உங்கள் ஆள்தான் என்று சொன்னால் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவேன் என்றார். அவர் குரலில் எந்த முறைப்பும் இல்லை, சொல்லிவிடுங்களேன் என்பதுபோல்தான் இருந்தது. அந்த அளவு ஹிந்தி எனக்குப் புரியும், பேசவும் வரும்.

நான் குளியலறைக் கதவைப் பார்த்தேன். வாசல் கதவைப் பார்த்தேன். இது அவர்கள் வீடு, நான் திங்கட்கிழமை போய்விடுவேன், அவர்கள் இங்கேயே வாழ வேண்டும் என்று தோன்றியது. சாகிப் வீட்டில் இல்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அத்தானுக்கு நாற்பது வருடத்தில் வந்த பயம் எனக்கு நாலாம் நாளே வந்துவிட்டது.

ஏழாம் மாடி பால்கனியிலிருந்து கேட் தெரியும். பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ரெஹானா பன்னிரண்டு நிமிடம் நின்றார். பிறகு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போனார்.

அக்கா ஈரத்தலையோடு வந்து, “ரெஹானா வந்தாளா தம்பி?” என்றாள்.

“வரலக்கா.”

“கோவமா இருப்பா. இருக்க வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை எடுத்துத் தானே நறுக்க உட்கார்ந்தாள். திங்கள் மதியம் கிளம்பும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு ஒன்றரை நாள் இருந்தது. சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அக்காவுக்குத் தெரியும்.

வழக்கமாகக் கடைசியில் நம்பிக்கையாக ஏதாவது எழுதுவேன். இந்த முறை ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று நாட்டு மனிதர்களை மேலே நின்று பார்த்து எழுதியவன் நான். அவர்கள் எல்லாரையும்விட எனக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது, அது எதற்கும் உதவவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிப்ரவரி நல்ல மாதம், புகை குறைந்திருக்கும். துவாரகாவில் தங்கினால் மெட்ரோ போதும், வண்டி வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்கள் இண்டர்காமில் சொல்ல ஒரு வரி ஹிந்தி கற்றுக்கொண்டு போங்கள்: ‘ஹாஞ்ஜி, ஜான்தா ஹூன்.’ ஆமாங்க, எனக்குத் தெரியும். திரும்பும் விமானத்தில் சன்னமாகச் சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் வந்தது.