ரெண்டு கையும், ரொனி!

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் ரொனி அண்ணன் பஸ் ஏறுவதைப் பாருங்கள். படியில் கால் வைக்குமுன் இரண்டு உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் பஸ்ஸின் தகரத்தில் விழும். டப்! அப்புறம்தான் ஏறுவார். தேவாலயக் கதவு, வீட்டு அலுமாரி, எதையும் விடமாட்டார். "ஐயாவுக்கு மரை கழண்டுருச்சு" என்று கண்டக்டர் சிரித்தார். "மரை இல்ல தம்பி, தோள்பட்டை" என்றார் ரொனி.

கம்பளையில் பிறந்து மகாவலி ஆற்றில் விழுந்து வளர்ந்தவர். இளவயதில் தேசியப் போட்டியில், தவளை நீச்சலில், எல்லோருக்கும் முன்னால் வந்து அவசரத்தில் ஒற்றைக் கையால் சுவரைத் தொட்டுவிட்டார். அந்த நீச்சலில் இரு கைகளும் சேர்ந்து தொடவேண்டும். தகுதி இழந்தார் என்று நடுவர் கை தூக்கினார். போச்சு! கைக்கெட்டிய தங்கம் வாய்க்கெட்டவில்லை.

பிறகு இராணுவம். ஒரு பெருவெள்ளத்தில், இடது கையில் ஒரு தாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பாலத்தூணைப் பற்றித் தொங்கினார், படகு வரும்வரை. வீரப் பதக்கம் கிடைத்தது, இடது தோள் போயிற்று. "ஒத்தக் கையால தொட்டேன்னு ஒரு மெடல பறிச்சாங்க. ஒத்தக் கையால தொட்டதுக்கு இன்னொண்ணு குடுத்தாங்க. என்னா நியாயமோ!" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்.

இப்போது பல்லேகலயில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல். மூத்தோர் நீச்சல் போட்டி என்று கேள்விப்பட்டதும் மனுஷன் துள்ளிவிட்டார். அதே தவளை நீச்சலுக்குத்தான் பெயர் கொடுத்தார். ஆனால் இடக்கை எப்போதும் பின்தங்கும். பஸ்ஸையும் கதவையும் அறைந்ததெல்லாம் அதற்கான பயிற்சிதான்.

போன ஞாயிறு கண்டி நீச்சல் தடாகத்தில் நானும் இருந்தேன். "இந்த வயசுல இது தேவையா?" என்று வீட்டில் முணுமுணுத்த அவர் மனைவி சுவர்ணா, கதிரைமேல் ஏறி நின்று கத்தினார்: "ரெண்டு கையும்! ரெண்டு கையுங்க!" கூட்டமே சேர்ந்து கத்தியது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசிப் பாய்ச்சலில் ரொனியும் பக்கத்துத் தடத்தில் நீந்தியவரும் சரிசமம். வலக்கையை மட்டும் நீட்டினால் சுவரை முதலில் தொடுவது அவர்தான். ஐயோ, நீட்டுங்கள் அண்ணே என்று நானே அலறியிருப்பேன். அவர் நீட்டவில்லை. இடக்கை வந்து சேரும்வரை பொறுத்தார். பக்கத்துக்காரர் முந்திக்கொண்டார். அடுத்த கணம், டப்!

ரொனி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நடுவரைத்தான் பார்த்தார். நடுவரின் கை எழும்பவில்லை. சுவர்ணா ஓடிவந்து குனிந்து, "போதுங்க, கைய எடுங்க" என்றார், அழுகையும் சிரிப்புமாக.

ரொனி இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் இன்னும் அழுத்தினார்.