இந்தா வந்துட்டேன்

பாளையங்கோட்டை மென்பொருள் அலுவலகத்தில் அவர் எனக்கு எதிர் இருக்கை. குட்டையான, கனத்த ஆள். சட்டைப்பையில் எப்போதும் உடன்குடிக் கருப்பட்டித் துண்டு. எதற்குக் கூப்பிட்டாலும் "இந்தா வந்துட்டேன்" என்பார். நாற்காலி மட்டும் நகராது.

ஒருநாள் மதியம் வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. ஃபைலில் புதிதாக ஒரு வரி சேருகிறதா என்று பத்து விநாடிவரை காத்திருக்க வேண்டிய என் புரோகிராமோ, ஒரு நொடிகூட நிற்காமல் வெறுங்கையோடு திரும்பித் திரும்பி ஓடியது. அவரைக் கூப்பிட்டேன். "இந்தா வந்துட்டேன்" என்றார். அரைமணி பார்த்துவிட்டு நானே அவரிடம் போனேன்.

"ஃபைல்கிட்ட தயாரான்னு கேக்கீரு. அது எப்பவும் தயார்னுதான் சொல்லும் வே. உள்ள ஒண்ணும் இருக்காது. பொறவு எதுக்குப் பத்து விநாடி நிக்கணும்?"

"அப்ப என்ன செய்ய?"

"கேக்காதீரும். அது வளந்திருக்கான்னு அப்பப்ப நீரே போய்ப் பாரும்."

"அப்படியே உம்ம மாதிரி!"

சிரித்துக்கொண்டே கருப்பட்டியில் பாதியை உடைத்துத் தந்தார். வாடிக்கையாளர் வருவதற்குள் புரோகிராம் ஒழுங்காகக் காத்திருக்கப் பழகிவிட்டது.

சமீபத்தில் என் புதுவீட்டுப் பால்காய்ப்பன்று அவரைப் போனில் பிடித்தேன். "இந்தா வந்துட்டேன் வே, வண்ணாரப்பேட்டை தாண்டியாச்சு" என்றார். பின்னால் குக்கர் விசிலடித்தது.

பந்தியை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.